கடித்தடம்

சிரக்யூஸில் மார்ச் என்றால்
பனியை ஓரமாக ஒதுக்கிவிட்டு
நடுவில் தெரிவதைப் புல் என்று சொல்லிக்கொள்வது.
முதல் ஆட்டத்துக்கு ஒன்பது நாள்.
கடைச் சுவரில் தொங்கும் வரிசைக்கு முன்னால்
ஜெனீவா ட்வயர். வயது நாற்பத்தொன்று.
பெண்கள் லக்ராஸ், நடுக்களம்,
பத்தொன்பது வருடம் கழித்து மறுபடியும்.

ஆண்களுக்குத் தலைக்கவசம், தோளுக்கு மெத்தை, கையுறை.
பெண்களுக்குக் கண்ணுக்கு ஒரு கம்பிக்கூடு,
அப்புறம் இது,
உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் லாடம்.
"உங்க ஆட்டத்துல மோதல் கம்மி, அதான்"
என்கிறான் கடைப்பையன்.
அவனுக்கு மார்னியின் முன்பல்லைத் தெரியாது.
அது கமில்லஸ் பள்ளி மைதானத்தில்
எங்கோ இன்னும் கிடக்கிறது.

வெள்ளை வேண்டாம்.
பல்லோடு பல்லாய்ப் போய்விடும்.
நடுவர் விசில் ஊதி
சந்தை மாட்டைப் பார்ப்பதுபோல்
வாயைத் திறக்கச் சொல்வார்.
ஆரஞ்சு எடுத்தாள், தடித்தது,
வெந்நீரில் போட்டுக் கடிப்பது.
பக்கத்தில் நீலம், மெல்லியது,
மூச்சுக்கு ஓட்டை வைத்தது.
பல் மருத்துவர் அச்செடுத்தும் செய்வாராம்.
விலையைக் கேட்டதும்
இவை இரண்டுமே போதும் என்று தோன்றியது.

அவளுக்கு வாய்தான் பிழைப்பு.
இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை
911-க்கு இந்தப் பக்கம் இருப்பவள்.
அதனால் சோதனை சமையலறையில் நடந்தது.
கொதிநீரில் முப்பது நொடி,
கண்கரண்டியால் வாரி, பச்சைத்தண்ணீரில் ஒரு முக்கு,
கடி, உறிஞ்சு, நாக்கால் அண்ணத்தில் அழுத்து.
பிறகு குளிர்பெட்டியைப் பார்த்து,
"911, என்ன அவசரம் உங்களுக்கு?"

உதட்டில் பிறப்பவை தப்பித்தன.
பல்லில் பிறப்பவை வழுக்கி விழுந்தன.
"லெஃப்ட்" போயே போச்சு.
"ஷூட்" என்பது குழாய் கசிகிற சத்தம்.
"ஹியர்" வெறும் மூச்சு,
எதை மாட்டினாலும் பிழைத்துக்கொள்ளும்.
தனியாக நின்று சிரித்தாள், எச்சில் வழிய.

நீலத்தோடு எல்லாச் சொல்லும் முழுசாக வந்தது.
கழற்றி விரலால் வளைத்துப் பார்த்தாள்.
ஆரஞ்சுத் தோல்போல் வளைந்தது.
இவ்வளவு நன்றாகப் பேசவிடுவது
அடியைத் தாங்குமா?

வியாழன், இரவு இரண்டு நாற்பது.
அழைப்பில் ஒரு பெண்.
அ, என்றாள். பிறகு இ. பிறகு ஓ, நீளமாக.
பின்னால் ஒரு கதவை யாரோ
பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
உதடும் போயிருந்தது, பல்லும் போயிருந்தது.
மெய்யெல்லாம் அடி வாங்கியபின்
உயிர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

முந்தின இரவுதான் ஜெனீவா
இந்த மொழியைத் தன் வாயிலேயே கேட்டிருந்தாள்.
கண்ணை மூடினாள்.
தெருப்பெயர்களை ஒவ்வொன்றாய்
மெய் உரித்து, காதில் வைத்துப் பார்த்தாள்.
"அவரி அவென்யூவா?" ம்ஹூம்.
"மில்டன்?"
அந்தப் பக்கம் மூச்சு ஒருமுறை நின்று, வந்தது.
எண்ணை மட்டும் விரலால் தட்டச் சொன்னாள்.
நான்கு. ஒன்று. ஏழு.
வண்டி போய்ச் சேர ஆறு நிமிடம்.
அதற்குமேல் அவளுக்குத் தெரியாது.
இந்த வேலையில் கதையின் பின்பாதி
யாருக்கும் தரப்படுவதில்லை.

சனிக்கிழமை ஆலங்கட்டி கலந்த மழை.
ஆரஞ்சைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.
நடுக்களத்திலிருந்து கத்தினாள்.
"என்ன?" என்றாள் வலைமுன் நின்ற மார்னி.
மறுபடி கத்தினாள்.
"என்னடி?"
மூன்றாவது முறை சொல்லையே விட்டுவிட்டாள்.
"ஏ!" என்றாள், இடதுக்கு.
"ஐ!" என்றாள், வலதுக்கு.
பாதி ஆட்டத்துக்குள் அணியே
உயிரெழுத்தில் பேசிக்கொண்டிருந்தது.
எதிரணிக்கு எரிச்சல்.
நடுவருக்குச் சிரிப்பு, மறைத்துக்கொண்டார்.

பதினொன்றுக்கு ஏழு. தோற்றார்கள்தான்.

காரில் உட்கார்ந்து கழற்றினாள்.
எச்சில் நூலாய் நீண்டு அறுந்தது.
ரப்பரில் பதினான்கு குழி,
ஒவ்வொன்றிலும் ஒரு பல் இருந்த தடம்.
விரலால் தொட்டு எண்ணினாள்,
பிறகு நாக்கால்,
வாய்க்குள்ளும்.